முதலில் பட்டமா, முறுக்குக் குழலா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறேன். வயது 29. அலுவலக வேலை பார்த்துக்கொண்டே சனிக்கிழமைகளில் முறுக்கு சுட்டு, 200 கிராம் பாக்கெட்டை 25 ரேண்டுக்கு விற்கிறேன். தீபாவளிக்கு ஆர்டர் தாங்கவில்லை. வேலையை விட்டுவிட்டுக் கடைகளுக்குப் போடும் தொழிலாக மாற்ற ஆசை. தொழிலறிவு இல்லாததால், முதலில் மூன்று ஆண்டு வணிக மேலாண்மைப் பட்டம் படிக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். வேலையையும் விடாதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் இருப்பது மூன்று ஆண்டுப் பாடமில்லை, ஒரு பாக்கெட்டின் அடக்கவிலை.

ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். எண்கள் என் உத்தேசம்தான். உங்கள் ரசீதுகளைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். 20 பாக்கெட்டுக்கு மாவு, வெண்ணெய், எள், பெருங்காயம் 220 ரேண்ட். எண்ணெய் 130. உறையும் லேபிளும் 50. எரிவாயு 40. மொத்தம் 440. விற்று வருவது 500. மிச்சம் 60. மாவு பிசைவதில் தொடங்கிக் கடைசிச் சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பதுவரை ஆறு மணி நேரம் என்றால், மணிக்கு 10 ரேண்ட். 2025 மார்ச்சில் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 28.79 ரேண்ட். இந்தச் சம்பளத்துக்கு நீங்கள் வேறொருவரை அடுப்படியில் நிறுத்தியிருந்தால் சட்டம் உங்களைக் கேள்வி கேட்டிருக்கும்.

கடைக்காரர் தன் பங்கை எடுக்காமல் அலமாரியில் இடம் தரமாட்டார். 25 ரேண்டுக்கு அவர் விற்க வேண்டுமென்றால் உங்களிடம் 18, 19க்குக் கேட்பார். உங்கள் அடக்கமே 22.

அடுத்தது கடைக்காரர் வைக்கும் கடன். நான் இளவயதில் ஊறுகாய் போட்டு ஒரு கடைக்குக் கொடுத்தேன். நன்றாகவே விற்றது. பணம் 60 நாள் கழித்து வந்தது. அதற்குள் அடுத்த ஊறுகாய்க்கு எண்ணெய் வாங்கக் கையில் காசில்லை. நோட்டில் லாபம், பெட்டியில் பூஜ்யம். இந்த வித்தியாசத்தை எந்த வகுப்பும் எனக்கு அவ்வளவு உறைக்கச் சொல்லித்தரவில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, கம்பெனி பதிவு கட்டாயமில்லை. உங்கள் சொந்தப் பெயரிலேயே தொடங்கலாம், வருமானத்தை வரித்துறைக்குக் காட்டினால் போதும். ஆனால் உணவு விற்பவர் 2018ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளின்படி நகராட்சியிடம் சமையலிடத்துக்குத் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். பொறுப்பாளர் உணவுச் சுகாதாரப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். எனவே நீங்கள் சேரவேண்டிய முதல் வகுப்பு அதுதான்.

தொழில் பாடம் படிக்கத்தான் வேண்டும் என்றால் அரசின் தேசிய இளைஞர் மேம்பாட்டு முகமையை அணுகுங்கள். 18 முதல் 35 வயதுவரை உள்ளவர்களுக்கு மானியம் தருகிறது. அதற்கு முன் தொழில் நிர்வாகப் பயிற்சியும் தருகிறது. மானியம் கிடைக்காவிட்டாலும் பயிற்சி வீண்போகாது.

தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அது வருடத்தில் ஒரு முறை வரும் அலை. சாதாரண மே மாதச் சனிக்கிழமையில் யார் வாங்குகிறார் என்று பாருங்கள். விலையை 32 ஆக்கிப் பாருங்கள். பழைய வாடிக்கையாளர் எத்தனை பேர் முகம் சுளிக்கிறார்கள், எத்தனை பேர் பேசாமல் எடுத்துப்போகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள். கடைக்காரரிடம் என்ன விலை சொல்வது என்று அதை வைத்துப் பார்ப்போம்.