விபத்தில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு வாங்க நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி பைக்கில் போகும்போது வேன் மோதிக் கால் முறிந்துவிட்டது, வார்டுக்கே ஒருவர் வந்து "கேஸை நாங்க பாத்துக்கறோம், பணம் வந்ததும் 25 சதவீதம் குடுத்தா போதும்" என்கிறார், அவரிடம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். கோபத்தோடுதான் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும் முன்பே வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கிறவருக்கு உங்கள் தம்பி என்ன வேலை செய்கிறார் என்றுகூடத் தெரிந்திருக்காது. வழக்கே அந்த வேலையை வைத்துத்தான் நிற்கும்.

என் வீட்டுக்காரர் திருப்பூரில் பவர் டேபிள் டெய்லர், அதாவது பனியன் கம்பெனி மோட்டார் மிஷினில் தைக்கிறவர். 2018இல் பல்லடம் ரோட்டில் சரக்கு வேன் இடித்து வலது முட்டி நொறுங்கியது. எங்களைத் தேடியும் ஆட்கள் வந்தார்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, விபத்து வழக்குகள் நடக்கும் நாளில் கோர்ட்டுக்குப் போய்ப் பின்னால் உட்கார்ந்து கவனித்தேன். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். எந்த வக்கீல் சாட்சியைத் தானே நின்று விசாரிக்கிறார், யார் ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறார் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். அப்படிப் பார்த்து வைத்த ஒருவரிடம்தான் போனோம்.

அவர் எக்ஸ்ரேவை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேட்டது, "மிஷின்ல பெடல் எந்தக் காலுங்க?"

"வலதுங்க சார்."

"முட்டிக்கு வேலை உண்டுங்களா?"

உண்டு. துணியை நுழைக்கும்போதெல்லாம் மிஷினுக்கு அடியில் இருக்கும் தகட்டை வலது முட்டியால் தள்ளித்தான் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்க வேண்டும். நாள் முழுக்க அதேதான். அவர் அதைக் குறித்துக்கொண்டபோதே இவர்தான் என்று எனக்கு முடிவாகிவிட்டது.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், டாக்டர் எழுதும் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போயிற்று என்பது வேறு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: இடது கை போனால் டிரைவருக்கோ தச்சருக்கோ கிட்டத்தட்ட முழு வருமானமும் போய்விடும், அரசு அலுவலக கிளார்க்குக்கு வேலையே போகாமல் இருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வயது 34 என்றால், சரளா வர்மா தீர்ப்பின்படி (2009) ஆண்டு வருமானத்தை 16ஆல் பெருக்க வேண்டும். மாதம் 15,000 என்றால் 28,80,000. இதில் 30 சதவீதம் இழப்பு என்றால் 8,64,000. 60 சதவீதம் என்று நிரூபித்தால் 17,28,000. காயம் ஒன்றுதான், வித்தியாசம் வக்கீல் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. சொந்தத் தொழில் செய்கிற, 40 வயதுக்குள் இருப்பவருக்கு வருங்கால வருமானம் என்று 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பு. உங்கள் வக்கீல் மனுவில் இதைக் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

எங்கள் வக்கீல் டாக்டரைக் கூண்டில் ஏற்றி, "இந்த முட்டியை வைத்துக்கொண்டு இவர் பவர் டேபிளில் நாள் முழுக்க உட்கார முடியுமா?" என்று நேரடியாகக் கேட்டார். கூட வேலை செய்த டெய்லர் ஒருவரையும் சாட்சியாகக் கொண்டுவந்தார். டாக்டர் எழுதியதைவிட அதிகமாகவே வருமான இழப்பை, விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. எனக்கு அதில் இன்றும் பெருமைதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வருமானச் சான்றுக்காக அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு நடந்தேன். தைக்கும் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட் ஆள், எங்கள் ஊழியர் பட்டியலில் இல்லை என்று கையை விரித்தார்கள். பல வருஷம் அவர் தைத்த சட்டைகள் கப்பலேறிப் போயிருக்கின்றன. பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை, ஒரு துண்டுச் சீட்டு இல்லை. கடைசியில் வருமானத்தைத் தீர்ப்பாயமே உத்தேசமாகத்தான் எடுத்துக்கொண்டது. ஏற்றுமதி இவ்வளவு, அந்நியச் செலாவணி இவ்வளவு என்று மேடையில் பேசுகிறவர்கள் தைக்கிறவனின் பெயரை ஒரு ரிஜிஸ்டரிலாவது எழுதட்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வக்கீல் நண்பர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நான் சட்டம் படித்தவள் இல்லை. சதவீதக் கணக்கில் வாங்குவது பல இடங்களில் நடக்கிறது என்பதும், கையில் காசில்லாத குடும்பத்துக்கு வேறு வழி தெரியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வழக்கின் பலனில் பங்கு பேசுவதையும், ஆள் பிடித்து வழக்குச் சேர்ப்பதையும் பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. முதல் நாளே விதியை மீறி வருகிறவரிடம் ஏன் போக வேண்டும்? ஃபீஸ் எவ்வளவு, எப்போது என்று எழுதி வாங்குங்கள். காசுதான் தடை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. இலவச வக்கீல் என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவரிடமும் அந்த வேலைக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் பார்க்கும் வக்கீல் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் ஆஜராகிறாரா என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை. வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ தம்பியைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். எஃப்ஐஆர், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றின் அசலும் உங்கள் வீட்டில் இருக்கட்டும், அவருக்கு நகல் போதும்.

ரொம்ப நாள் யோசிக்கவும் நேரமில்லை. விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். மனு எண் விழுந்ததும் அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த வாய்தா எப்போது என்று நீங்களே பார்க்கலாம், குமாஸ்தாவுக்கு போன் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.