பழைய காருக்குப் புதுச் செற், சப், அம்ப்: திருமலைக்காரர் கேட்டவைக்குப் பதில்கள்

கார் செற் (ரேடியோ, பாட்டுப் பெட்டி), அம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி), சப் ஊஃபர் (பாஸ் ஒலிக்கும் பெரிய ஸ்பீக்கர், சுருக்கமாகச் சப்) பற்றிக் கேட்க இருப்பதைக் கேளுங்கள் என்றேன், வந்து குவிந்துவிட்டது. கேட்டவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் இருபது, முப்பது வயதான கார்கள், அதனால் பதில்களும் அவற்றுக்குத்தான். எந்தப் பிராண்ட் திறம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதற்குள் நான் போகவில்லை. பழைய காரில் சத்தம் கெடுவது பெட்டியால் அல்ல, வயராலும் எர்த்தாலும்தான். எர்த் என்பது மின்சாரம் காரின் பொடி, அதாவது தகர உடல், வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் இணைப்பு.

உப்புவெளியிலிருந்து: என்னுடையது 110 கொரோல்லா, ஜப்பானிலிருந்து வந்தபடியே செற் இருக்கிறது. எஃப்எம் பாதி நிலையங்கள் வருவதில்லை. புதுசு போட்டால் அந்த இடைவெளியில் பொருந்துமா அண்ணா?

செற் பழுதில்லை தம்பி. ஜப்பானில் எஃப்எம் 76இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் இருந்தது, நமக்கு 108 வரை போகிறது. 90க்கு மேல் இருக்கும் நிலையம் எதையும் அந்தச் செற் பிடிக்காது. ஏரியல் வயரில் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டி மாட்டுவார்கள், அது அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும், ஆனால் திரையில் வேறு இலக்கம் காட்டும், இரைச்சலும் கொஞ்சம் வரும். செற்றை மாற்றுவதுதான் சரி. அளவைப் பொறுத்தவரை, சாதாரண டபுள் டின் (இரட்டை உயரச் செற்) 180க்கு 100 மில்லிமீற்றர், ஜப்பான் டொயோட்டாவின் இடம் 200 அகலம். இரண்டு பக்கமும் பத்துப் பத்து மில்லிமீற்றர் வெளி தெரியும், அதற்கென்றே பிளாஸ்டிக் துண்டு விற்கிறார்கள். அப்புறம், ஏரியல் அடியைக் கழற்றிப் பாருங்கள். கடற்கரை ஓரம் நிற்கிற கார் என்றால் அங்கே கறள் பிடித்திருக்கும், அதைத் துடைக்காமல் எந்தச் செற் போட்டாலும் கரகரக்கும்.

கிண்ணியாவிலிருந்து: முந்தி வைத்திருந்தவர் சொக்கற்றை வெட்டிவிட்டு வயரை முறுக்கி ரேப் சுற்றி வைத்திருக்கிறார். எது எதென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நானா, நிறத்தை நம்ப வேண்டாம். புதுச் செற்றோடு வரும் வயரில்தான் நிறத்துக்கு ஒழுங்கு உண்டு: மஞ்சள் எப்போதும் 12 வோல்ற், சிவப்பு திறப்பு திருப்பினால் வருவது, கறுப்பு எர்த், நீலத்தில் வெள்ளைக்கோடு போட்டது அம்ப்பை எழுப்புவது. கார் பக்க வயரை மீற்றரால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். திறப்பு எடுத்த பிறகும் 12 காட்டுவது மஞ்சளுக்கு, திறப்பை ஏசிசியில் (எஞ்சின் ஓடாமல் ரேடியோ வேலை செய்யும் நிலையில்) வைத்தால் மட்டும் காட்டுவது சிவப்புக்கு. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் செற் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு நாளும் நேரமும் நிலையமும் அழிந்துபோகும். ஸ்பீக்கர் வயரைக் கண்டுபிடிக்க ஒன்றரை வோல்ற் பற்றரியைத் தொட்டு எடுங்கள், எந்தக் கதவில் "டொக்" என்று கேட்கிறதோ அது. கூம்பு வெளியே தள்ளினால் நீங்கள் பிளஸைத் தொட்டது பிளஸில்தான். ஒரு ஸ்பீக்கர் வயரையும் பொடியில் எர்த் பண்ண வேண்டாம், இன்றைய செற்றின் உள்ளே ஸ்பீக்கரை ஓட்டுகிற ஐசி (சில்லு) அந்த இடத்திலேயே போய்விடும். முறுக்கி ரேப் சுற்றியதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு ஈயம் வைத்து ஒட்டுங்கள், நம்முடைய வெக்கைக்கு அந்த ரேப்பின் பசை உருகி வழிந்து கையெல்லாம் ஒட்டும்.

1000 வாட்ஸ் என்று போட்ட அம்ப் வாங்கினேன். என்ன வயர் போட?

அந்த 1000ஐ மறந்துவிட்டு பெட்டியின் பின்னால் ஆர்எம்எஸ் (விடாமல் தரக்கூடிய உண்மையான வலு) என்று எழுதியதைப் பாருங்கள். அது 300 என்றால், டி கிளாஸ் (மின்சாரம் குறைவாக வீணாகும் வகை) அம்ப் முழுச் சத்தத்தில் ஏறத்தாழ 27 அம்பியர் இழுக்கும், ஏபி கிளாஸ் (கூடுதலாகச் சூடாகி வீணாக்கும் வகை) என்றால் 40க்குக் கிட்டப் போகும். டி கிளாஸுக்கு நல்ல செம்பில் 8 கேஜ் போதும், மற்றதற்கு 4 போடுங்கள் (கேஜ் இலக்கம் குறையக் குறைய வயர் தடிப்பு).

நல்ல செம்பு என்று சொன்னதைக் கவனியுங்கள். கடைகளில் "கிட்" என்று கட்டி விற்பதில் நிறைய அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், வளைத்தால் கெதியாக முறியும். அதே தடிப்பில் மின்தடை ஒன்றரை மடங்கு, அதைவிட உவர்க்காற்றில் ஒரு மழைக்காலம் போனால் முனை மாவாகிவிடும். வெளியே வெள்ளையாக இருந்து சுரண்டினால் உள்ளே சிவப்பாகத் தெரிந்தால் அது வேறு, ஈயம் பூசிய செம்பு. கிடைத்தால் விடாதீர்கள், கடற்கரை ஊருக்கு அதுதான் வயர்.

பியூஸ் பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். அம்ப்பில்தான் பியூஸ் இருக்கிறதே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது அம்ப்புக்கு. பற்றரிக்குப் பக்கத்தில் போடுவது வயருக்கு, அந்த வயர் எஞ்சின் சுவர் ஓட்டையில் தோல் உரிந்து பொடியில் பட்டால் கார் எரியாமல் இருப்பதற்கு. ஓட்டைக்கு றப்பர் குறொமெற் (வயரைக் காக்கும் வளையம்) கட்டாயம்.

எஞ்சின் உறுமினால் ஸ்பீக்கரும் கூடவே "ங்ஙீ" என்று உறுமுகிறது.

ஓல்டனேற்றர் (எஞ்சினோடு சுற்றிப் பற்றரியைச் சார்ஜ் பண்ணுவது) சத்தம். முதலில் எர்த்தைப் பாருங்கள், ஏனென்றால் வீட்டில் தாங்களே பூட்டுபவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். டிக்கிக் கம்பளத்துக்குக் கீழே இருக்கிற ஏதோ ஒரு ஆணியில், பெயின்ற் மேலேயே வயரை வைத்து இறுக்கிவிடுவார்கள். பெயின்ற் மின்சாரம் கடத்தாது. ஒரு ரூபாய்க் குத்தி அளவுக்குத் தகரம் பளபளக்கும்வரை சுரண்டுங்கள், லக் (வயர் முனையில் மாட்டும் வளையம்) வைத்து நட், போல்ற், பல்லு வொஷர் போட்டு இறுக்குங்கள், இறுக்கிய பிறகு மேலே கிறீஸோ வசலினோ பூசுங்கள். முதலே பூசக் கூடாது. எர்த் வயர் பவர் வயரின் அதே தடிப்பு, நீளம் அரை மீற்றருக்குள். சீற் பெல்ற் போல்ற்றைத் தொடவே வேண்டாம்.

மீற்றரை ஓம்ஸில் வைத்து அளந்து "சரி" என்று சொல்வதில் பெரிய பிரயோசனம் இல்லை. பாட்டு ஓடும்போது பற்றரி மைனஸுக்கும் அம்ப் எர்த்துக்கும் இடையில் வோல்ற் பாருங்கள். 0.1, 0.2 என்றால் நல்லது, அரை வோல்ற் என்றால் மறுபடி சுரண்டுங்கள். எர்த் சரியாகியும் உறுமினால் ஆர்சிஏ வயர் (செற்றிலிருந்து அம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோவது) பவர் வயரோடு ஒரே பக்கத்தால் போகிறதா பாருங்கள். ஒன்றை இடது பக்கத்தாலும் மற்றதை வலது பக்கத்தாலும் கொண்டுபோக வேண்டும்.

பாஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைற் மங்குகிறது. கெப்பாசிற்றர் போடச் சொல்கிறார்கள்.

வேண்டாம். கெப்பாசிற்றர் மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக் கொடுப்பது, உற்பத்தி செய்யாது. எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8இலிருந்து 14.4 வரை இருக்க வேண்டும். பாஸுக்கு அது 12.5க்குக் கீழே விழுந்தால் ஓல்டனேற்றரால் முடியவில்லை, அந்தக் காலக் கார்களில் 60, 70 அம்பியர் தந்தாலே பெரிது, ஏசியும் லைற்றும் வைப்பரும் போனால் மிச்சம் எவ்வளவு? பற்றரியில் விழாமல் அம்ப்பில் மட்டும் விழுந்தால் குற்றம் வயரில். முதலில் பற்றரி மைனஸிலிருந்து பொடிக்கும் எஞ்சினுக்கும் போகிற பழைய எர்த் வயர்களை மாற்றிப் பாருங்கள், செலவு குறைந்த வேலை.

காலையில் ஸ்ராட் வருவதில்லை, இரவில் எல்லாம் நிறுத்தித்தான் இருக்கிறது.

அம்ப்பின் ரிமோட் வயரை (மேலே சொன்ன அம்ப்பை எழுப்பும் வயர்) யாரோ மஞ்சளில் கொடுத்திருக்கிறார்கள். இரவு போய் அம்ப்பில் லைற் எரிகிறதா பாருங்கள்.

கெயினை எவ்வளவு கூட்டலாம்?

அம்ப்பில் இருக்கும் கெயின் சத்தம் கூட்டுகிற குமிழ் இல்லை, செற் தரும் ஒலிக்கு அம்ப்பைப் பொருத்துகிற குமிழ். சப்பைக் கழற்றிவிட்டு, பாஸ் பூஸ்ற் எல்லாம் பூச்சியத்தில் வைத்து, செற்றை முக்கால் சத்தத்தில் வைத்து 50 ஹேர்ட்ஸ் ஒலியை ஓட விடுங்கள். மீற்றர் ஏசி வோல்ற்றில், ஸ்பீக்கர் முனையில். 4 ஓம் சப்புக்கு 300 வாட்ஸ் வேண்டுமென்றால் 34.6 வோல்ற் வரும் இடத்தில் நிறுத்துங்கள், 2 ஓம் என்றால் 24.5. லோ பாஸ் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) 80 ஹேர்ட்ஸில் இருக்கட்டும். கெயினை அந்த வோல்ற்றுக்கு மேலே திருப்பினால் சத்தம் பெரிதாக ஏறாது, சப்பின் கொயில்தான் எரியும்.

அப்பாவின் மொரிஸ் மைனருக்கு ப்ளூடூத் செற்றும் ஒரு சின்ன சப்பும் போட ஆசை.

கை வைக்கும் முன் பற்றரியின் எந்த முனை பொடிக்குப் போகிறது என்று பாருங்கள் பிள்ளை. அந்தக் கார்களில் பிளஸ்தான் எர்த். இன்றைய செற்றின் கூடு மைனஸ், அதை அப்படியே டாஷ்போர்ட்டில் பூட்டினால் புகைதான். மைனஸ் எர்த்துக்கு மாற்றலாம், பற்றரியைத் திருப்பி, இக்னிஷன் கொயிலின் இரண்டு வயரையும் மாற்றி, டைனமோவின் எஃப் முனையில் ஒரு தரம் பிளஸைத் தொட்டு எடுத்துத் திசை மாற்ற வேண்டும். பழைய ஆள் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். செற்றும் இரண்டு ஸ்பீக்கரும் தாராளமாகப் போடலாம். சப் வேண்டாம். அந்த லூக்காஸ் டைனமோ முழு ஓட்டத்தில் தருவதே 22 அம்பியர், சந்தியில் மெதுவாக நிற்கும்போது ஒன்றுமே தராது.

சப்புக்கு மூடிய பெட்டியா, ஓட்டை வைத்த பெட்டியா? மாருதி 800.

மூடியது. இடமும் குறைவு, மிருதங்கமும் தவிலும் தனித்தனியாகக் கேட்கும். ஓட்டைப் பெட்டி கூடுதல் சத்தம் தரும், ஆனால் அளவு தவறினால் ஒரே முழக்கம், மாருதியின் பின் கதவுத் தகரமும் சேர்ந்து பாடும்.

கதவு ஸ்பீக்கர் மார்கழி மழைக்குப் பிறகு கிழிந்த மாதிரிக் கேட்கிறது.

கதவுக்குள்ளே தண்ணீர் இறங்குவது இயல்பு, அதைத் தடுக்கத்தான் கம்பெனி ஒரு பொலித்தீன் ஒட்டி அனுப்புகிறது, ஸ்பீக்கர் பூட்டுகிறவர்கள் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். திரும்ப ஒட்டுங்கள். ஸ்பீக்கர் வாங்கும்போது கடதாசிக் கூம்பு, ஸ்பொஞ்ச் விளிம்பு வேண்டாம், பொலிப்ரொப்பிலீன் கூம்பும் றப்பர் விளிம்பும் பாருங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகள் மண் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தி விடுங்கள்.