சிகரெட் விட்டு ஒரு மாதம்: வீட்டில் எப்படிக் கொண்டாடுவது?

கேள்வி: என் கணவர் மேசன் வேலை செய்கிறவர், வயது 43. இருபது வருடத்துக்கு மேலாக ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் வரை பத்தியவர். மகள் கேட்டுக்கொண்டதற்காக ஒரேயடியாக விட்டுவிட்டார். வருகிற கிழமை ஒரு மாதம் முடிகிறது. அவருக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. மாமியோ, "விட்டதைச் சொல்லித் திரியாதே பிள்ளை, கண்ணூறு பட்டு மறுகா தொடங்கிவிடுவான்" என்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் சனிக்கிழமை பார்ட்டி வைக்கச் சொல்லி நிற்கிறார்கள். என்ன செய்வது நல்லது? இன்னொன்று, விட்ட பிறகு அவருக்கு இருமல் கூடின மாதிரி இருக்கிறது. அது ஏன்?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்:

கட்டாயம் கொண்டாடுங்கள் சகோதரி. ஒரு மாதம் தாண்டுவது சின்ன விசயம் இல்லை. விட முயன்று திரும்பத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் கிழமையிலேயே தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் கணவர் அந்த இடத்தைத் தாண்டி வந்திருக்கிறார். ஆனால் எதைச் செய்வது, எங்கே செய்வது, யாரோடு செய்வது என்பதில் கவனம் வேண்டும். அதற்கு முதலில் சிகரெட் அவருக்கு என்னவாக இருந்தது என்று பாருங்கள்.

ஒரு மேசனுடைய நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் பிளேன்ரீயோடு ஒன்று. ஒரு சுவர் எழும்பி மட்டம் பார்த்து முடிந்ததும் தள்ளி நின்று அதைப் பார்த்தபடி ஒன்று. மத்தியானம் சோறு சாப்பிட்ட பிறகு ஒன்று. சனிக்கிழமை சம்பளக் காசைச் சட்டைப் பையில் வைத்ததும் ஒன்று. ஒரு வேலை முடிந்தது என்பதை அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது சிகரெட்டால்தான். புகையை உள்ளே இழுத்துச் சில நொடிகளில் அதில் உள்ள நிக்கோட்டின் மூளைக்குப் போய், சந்தோச உணர்வைத் தூண்டும் டோபமின் என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது. அந்தச் சின்னச் சந்தோசம் நாளுக்குப் பத்துத் தரம், இருபது வருடமாகக் கிடைத்து வந்தது. இப்போது அது நின்றுவிட்டது. அந்த இடத்தில் வேறொன்றும் வரவில்லை என்றால் நாள் முழுக்க வறண்டு கிடக்கும். "விட்டும் என்ன கண்டேன்" என்ற எண்ணம் அந்த வறட்சியில்தான் முளைக்கும்.

ஆகவே ஒரு மாதத்துக்கு ஒரு பெரிய விருந்து வைத்துவிட்டு அதோடு விட்டுவிடுவதை விட, சிகரெட் இருந்த அந்தந்த இடங்களில் சின்னச் சின்னதாக வேறொன்றைக் கொண்டுபோய் வைப்பதுதான் நான் சொல்லும் கொண்டாட்டம். விருந்தும் வைக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சனிக்கிழமைப் பார்ட்டி. வேண்டாம். கூட்டாளிமார் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் சம்பள நாள், சாராயம், சுற்றி நாலு பேர் பத்துகிற புகை, இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் அது. மதுசாரம் உள்ளே போனால் மனக் கட்டுப்பாடு தளரும். சாராயமும் சிகரெட்டும் இருபது வருடம் சேர்ந்தே போயிருந்தால் ஒன்றைக் கண்டதும் மற்றதை மூளை தேடும். அதோடு, "ஒரு மாதம் இருந்துவிட்டாயே மச்சான், இன்றைக்கு மட்டும் ஒன்று" என்று யாராவது நீட்டுவார்கள். நன்றாக இருக்கிற நாளில்தான் அந்த ஒன்று மிகவும் ஆபத்து. ஏனென்றால் அன்றைக்கு அவருக்குத் தன் மேல் நம்பிக்கை அதிகமாக இருக்கும். நிக்கோட்டினுக்குப் பழகிய மூளை ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடாது.

கூட்டாளிமாரின் மனம் நோகாமல் இதை மாற்றவும் வழி இருக்கிறது. பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில், வேலை நடக்கிற வளவிலேயே, அவர் எல்லோருக்கும் வடையும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுக்கட்டும். பகல் நேரம், சாராயம் இல்லை, கால் மணித்தியாலத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். "எனக்கு ஒரு மாதம், இனி என்னிடம் நீட்டாதீர்கள்" என்று அவர் வாயாலேயே சொல்லிவிடட்டும். அப்படி ஒரு தரம் சொன்னால் பிறகு நீட்டுகிறவர்கள் குறைவார்கள்.

வெற்றிலையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்தில் சிகரெட்டை விட்ட பலர் வாய் சும்மா இருக்கக்கூடாது என்று புகையிலை வைத்து வெற்றிலை போடத் தொடங்குகிறார்கள். அதில் போவதும் அதே நிக்கோட்டின்தான். புகையிலையும் பாக்கும் இரண்டுமே வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருகிறவை. விட்ட நாட்களை எண்ணும்போது அதையும் விட்டால்தான் எண்ணிக்கை சரி. வைத்தியர் சொல்லி நிக்கோட்டின் சூயிங்கமோ ஒட்டும் பட்டையோ பாவித்தால் அது வேறு. அந்த நாட்களைத் தாராளமாக எண்ணலாம்.

இனி மாமியின் பேச்சு. அதை ஒதுக்கிவிட வேண்டாம். ஊர் முழுக்கச் சொல்லி, படம் போட்டு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிற நிலையில் ஒருவர் தவறினால் வெட்கத்தில் அதை மறைப்பார். மறைத்துப் பத்துவதை நிறுத்துவது இன்னும் கஷ்டம். அதற்காக ஒருவருக்குமே தெரியாமல் வைத்திருப்பதும் சரியில்லை, கை கொடுக்க ஆள் வேண்டும். வீட்டில் உள்ளவர்கள், கூட வேலை செய்கிறவர்கள், நெருங்கிய ஓரிருவர் தெரிந்திருந்தால் போதும். மாமியின் பயத்துக்கும் ஒரு வேலை கொடுங்கள். மாமாங்கப் பிள்ளையாருக்கோ, மனம் நினைத்த வேறு கோயிலுக்கோ மகன் பேரில் ஓர் அருச்சனை செய்யச் சொல்லுங்கள். தாய் தனக்காகக் கோயிலுக்குப் போய்வந்தார் என்பது அவருக்குப் பெரிய பலமாக இருக்கும். எந்தப் பரிசும் அந்த அளவுக்கு வராது. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்தில் நோன்போடு சேர்த்து விட்டவர்களுக்கும் இது பொருந்தும். பகல் முழுக்க இருந்துவிட்டு நோன்பு திறந்த கையோடு பத்துவதுதான் அவர்களுக்குச் சிக்கலான நேரம். அந்த நேரத்தில் வீட்டார் பக்கத்தில் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு மாதத்தில் உடம்பு என்ன பெற்றிருக்கிறது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். கொண்டாட்டத்துக்கு அதைவிட நல்ல காரணம் இல்லை. கடைசிச் சிகரெட்டை அணைத்து இருபது நிமிடத்திலேயே இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். 12 மணித்தியாலத்தில், புகையால் இரத்தத்தில் கலந்திருந்த காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயு வழமையான அளவுக்கு வந்துவிடும். எரிச்சல், நித்திரையின்மை, கோபம் எல்லாம் இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் மூன்று நாலு கிழமையில் அடங்கும். உங்கள் வீட்டில் நடந்த சண்டைகளின் திகதியை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். இரண்டு கிழமையிலிருந்து மூன்று மாதத்துக்குள் இரத்த ஓட்டமும் நுரையீரலின் வேலையும் தேறும். அவர் இப்போது அதற்குள்தான் இருக்கிறார். மாபிள் பெட்டியைத் தோளில் வைத்து மாடிப் படி ஏறும்போது மூச்சு முன்னைப்போல வாங்குகிறதா என்று அவரையே கேளுங்கள்.

நாக்கும் மூக்கும்தான் எனக்குப் பிடித்த இடம். வாசனையும் ருசியும் சில நாட்களிலேயே திரும்பத் தொடங்கும். விருந்து வைப்பதானால் அதைச் சுற்றி வையுங்கள். அவருக்குப் பிடித்த மீனை வாங்கி, அளவான புளியில் குழம்பு வைத்து, பிட்டோடு கொடுங்கள். பிறகு சட்டியில் உறைந்த நல்ல எருமைத் தயிர், மேலே கித்துள் பாணி. சாப்பிட்டு முடிந்ததும் கை கழுவிக்கொண்டு வாசலுக்குப் போகிற பழக்கம் அவருக்கு இருந்திருக்கும். அந்த நேரத்தில் மகளை அவரோடு அனுப்பிவிடுங்கள், இருவரும் கடற்கரைப் பக்கம் ஒரு நடை போய் வரட்டும். ஆசை எழுந்தால் அது சில நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும், நடந்துகொண்டிருக்கும்போதே இறங்கிவிடும். சாப்பாட்டுக்குப் பிறகான அந்தச் சிகரெட்டின் இடத்தில் மகள் வந்துவிடுகிறாள். அவள் கேட்டுத்தானே விட்டார்.

தேத்தண்ணி பற்றி ஒரு விசயம், பலருக்கு இது தெரியாது. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள், ஈரல் கஃபீனை வேகமாக உடைத்து வெளியேற்றும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதனால் முன்பு குடித்த அதே அளவு கோப்பியும் கடும் தேத்தண்ணியும் இப்போது உடம்பில் கூட நேரம் நிற்கும். படபடப்பு, நித்திரை வராமை எல்லாம் வரும், சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று அவர் நினைப்பார். பின்னேரத்துக்குப் பிறகு அதைக் குறைத்துப் பாருங்கள். சில மருந்துகளுக்கும் இதே கதைதான். இழுப்புக்குக் கொடுக்கிற தியோபிலின் குளிசையோ, மனநல மருந்தான குளோசபினோ எடுக்கிறவர்கள் சிகரெட்டை விட்டதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அளவைக் குறைக்க நேரலாம். இன்சுலின் போடுகிறவர்களும் சொல்லி வைப்பது நல்லது.

அடுத்தது காசு. ஒரு சிகரெட் இப்போது நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. நூறு என்றே வைத்தாலும் பத்து சிகரெட்டுக்கு நாளுக்கு ஆயிரம், மாதத்துக்கு 30,000 ரூபாய். இந்தக் காசு கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கடைக் கணக்கிலும் கரண்ட் பில்லிலும் கரைந்து போய்விடும், பிறகு விட்டதால் என்ன மிச்சம் என்று அவருக்கே விளங்காது. ஒரு போத்தலிலோ உண்டியலிலோ அன்றன்றைக்கு அவர் கையாலேயே போடட்டும். எல்லாவற்றையும் போட முடியாத வீடு என்றால் பாதியாவது. மாத முடிவில் எல்லோரும் சேர்ந்திருந்து எண்ணுங்கள்.

அதில் ஒரு பங்கு அவருக்கென்று போக வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். வீட்டுச் செலவு, சீட்டுக் காசு, பிள்ளையின் வகுப்புக் காசு என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், கஷ்டப்பட்டது அவர், பலன் மற்றவர்களுக்கு என்றாகிவிடும். நல்ல மேசன் கரண்டி ஒன்றோ புது மட்டம் ஒன்றோ அவர் விரும்பினால் வாங்கிக் கொடுங்கள். சுவர் முடிந்ததும் சிகரெட் பிடித்த அதே கையில் அது நாள் முழுக்க இருக்கும். ஆனால் இன்ன பொருள்தான் என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டாம், அவரிடமே கேளுங்கள்.

செலவில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. புகை மணம் துணியிலும் திரைச்சீலையிலும் நாள் கணக்காக நிற்கும். ஒரு மாதம் முடிகிற அன்று விறாந்தைத் திரை, அவருடைய வேலைச் சட்டைகள், மோட்டர் சைக்கிள் இருக்கைக்குக் கீழே உள்ள இடம் எல்லாவற்றையும் சேர்ந்து துப்புரவாக்குங்கள். லைட்டர், சாம்பல் தட்டு, பைக்குள் மறந்துபோன பழைய பெட்டி ஏதும் இருந்தால் அவர் கையாலேயே எறியட்டும். எங்காவது ஒன்று ஒளிந்து கிடந்தால், மனம் சரியில்லாத ஒரு ராத்திரியில் அதுதான் கையில் அகப்படும்.

அடுத்த திகதிகளையும் இப்போதே குறித்து வையுங்கள். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம். இரண்டாம் மாதத்துக்கும் ஏதாவது ஒன்று இருக்கட்டும், அந்த இடைவெளியில்தான் வீட்டார் மறந்துபோகிறார்கள். ஒரு வருடத்தில், புகைத்ததால் கூடியிருந்த இதய நோய் அபாயம் பாதியளவுக்கு இறங்கிவிடும். பத்து வருடத்தில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம், தொடர்ந்து புகைக்கிறவருக்கு உள்ளதில் பாதியளவாகும். ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் பெரிதாகவே நினைக்கலாம். அதற்குப் பிறகு வருகிற ஆடியில் கதிர்காமப் பாத யாத்திரை போவது என்று அவர் நேர்ந்துகொண்டால் நன்றாக இருக்கும். உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு, குமண, யாலக் காட்டு வழியே நடப்பதற்கு நல்ல மூச்சு வேண்டும். அதற்காகப் பின்னேரங்களில் நடந்து பழகுவதும் சேர்ந்து நடக்கும். சிகரெட்டை விட்டவர்களுக்குப் பசி கூடி ஒரு வருடத்துக்குள் நாலைந்து கிலோ ஏறுவது வழமை, அதற்கும் இந்த நடை உதவும்.

இடையில் ஒன்று பத்திவிட்டால் என்ன செய்வது என்று கேட்கத் தயங்கியிருப்பீர்கள். பலர் ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சியில்தான் முழுதாக விடுகிறார்கள். சத்தம் போட வேண்டாம், மகளைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம், உண்டியலை உடைக்கவும் வேண்டாம். எங்கே, யாரோடு, எந்த நேரத்தில் என்று மட்டும் கேளுங்கள். அடுத்த சிகரெட்டுக்கு முன்பே திரும்ப நிறுத்துவதுதான் முக்கியம், நாளைக்குப் பார்க்கலாம் என்றால் அது பெட்டிக் கணக்கில் போய்விடும். இருந்த நாட்கள் இருந்தவைதான், அவற்றை அழிக்காதீர்கள். நாட்காட்டியில் அந்த ஒரு நாளை மட்டும் விட்டுவிட்டு மேலே எண்ணுங்கள். தேசிய மதுசாரம் மற்றும் புகையிலை மீதான அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

கடைசியாக இருமல். மூச்சுக் குழாயின் உட்பக்கத்தில் நுண்ணிய மயிர் போன்ற இழைகள் சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். புகை அவற்றை முடக்கி வைக்கிறது. விட்ட பிறகு அவை மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்புவதால் சிலருக்கு முதல் சில கிழமைகளில் இருமலும் சளியும் கூடினாற்போல இருக்கும். பிறகு மாதக் கணக்கில் குறைந்துகொண்டு வரும். ஆனால் அவர் இருபது வருடம் புகைத்தவர், சீமெந்துத் தூசியிலும் நிற்கிறவர். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தாலும், சளியில் இரத்தம் கண்டாலும், உடம்பு மெலிந்தாலும், பின்னேரக் காய்ச்சல் வந்தாலும் இது விட்டதால் வருகிற இருமல்தான் என்று வீட்டில் முடிவெடுக்க வேண்டாம். பக்கத்து வைத்தியசாலைக்கோ மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அரச வைத்தியசாலையில் இலவசம். விட்ட திகதியை எழுதிக்கொண்டு போனால் வைத்தியருக்கு உதவும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவருடைய இருமல் இரண்டு கிழமையைத் தாண்டியிருக்கலாம் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒரு மாதம் முடியும் வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே போய் வாருங்கள்.