வென்ட்வொர்த் பாயிண்ட்டுக்கு அம்மாவோட வர்றவங்களுக்கு

சிட்னில வென்ட்வொர்த் பாயிண்ட்ல வீடு கிடைச்சிருக்கு, நம்மாளுங்க இருக்காங்களா, கூட வர்ற அம்மாவுக்கு பொழுது போகுமான்னு கேட்டிருந்தீங்க. நாங்க இங்க வந்து ஏழு வருஷமாச்சு. வென்ட்வொர்த்வில் வேற இது வேறங்க, தமிழ்க் குடும்பங்க நிறைய இருக்கறது அங்கதான், இங்க கொரியாக்காரங்களும் சீனாக்காரங்களும்தான் அதிகம், நாம அங்கொண்ணு இங்கொண்ணு. மளிகைக்கு ஹோம்புஷ் பக்கம் யாழ்ப்பாணத்துக்காரங்க கடை, கோயிலுக்கு மேஸ் ஹில் முருகன்.

அம்மாவ நெனச்சுக் கவலப்படாதீங்க. எங்க அத்தைக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் வராது, வந்த புதுசுல பால்கனில உக்காந்து தண்ணியவே பாத்துட்டு இருப்பாங்க, எனக்கே மனசு கஷ்டமாயிடும். அப்புறம் சாயங்காலம் பென்னலாங் பாலத்துல நடக்க ஆரம்பிச்சாங்க. 2016ல தொறந்தது, எதிர்க்கரைல இருக்கற ரோட்ஸ்ங்கற ஊருக்குப் போகும், பஸ், சைக்கிள், நடக்கறவங்க மட்டும்தான், சொந்தக் கார விடமாட்டாங்க, அதனால வயசானவங்க நிம்மதியா நடக்கலாம். அங்க தினமும் எதிர்ல வர்ற ஒரு கொரியப் பாட்டி ஒருநாள் நின்னு முட்டியத் தொட்டுக் காட்டி மூஞ்சிய சுளிச்சிருக்காங்க, அத்தையும் தன் முட்டியக் காட்டிருக்காங்க, அவ்ளோதான், அன்னிலேர்ந்து சேந்துதான் நடை. எலுமிச்சை ஊறுகாய் போன டப்பால இப்ப கிம்ச்சி, அதான் அவங்க ஊர் முட்டைக்கோஸ் ஊறுகாய், வருது.

ஆனா ஒண்ணு, கரையில தூண்டில் போடறவங்க மீன் கொடுத்தா தயவுசெஞ்சு சமைச்சுடாதீங்க. ரோட்ஸ்ல அந்தக் காலத்துல யூனியன் கார்பைடு ஆலை இருந்துச்சு, ஆமா போபால்ல இருந்த அதே கம்பெனிதான், அதோட டயாக்சின்ங்கற விஷக் கழிவு, ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கற ஹோம்புஷ் பே-ங்கற விரிகுடாவோட சேத்துல எறங்கிடுச்சு, ஹார்பர் பிரிட்ஜுக்கு மேற்கால பிடிச்ச மீன சாப்பிடாதீங்கன்னு அரசாங்கமே சொல்லுது, 2006லேர்ந்து ஹார்பர்ல விக்கறதுக்கு மீன் பிடிக்கறதுக்கே தடை. அதே பே-லதான் 1911ல கட்டின அயர்ஃபீல்டுன்னு ஒரு கப்பல் துருப்பிடிச்சு நிக்குது, உள்ள பிச்சாவரத்துல பாக்கற மாதிரி சதுப்புநில மரம் அடர்ந்து தோப்பாவே வளந்திருக்கு, அம்மாவக் கட்டாயம் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

ஒலிம்பிக் பார்க் ஸ்டேடியத்துல மேட்ச், கச்சேரின்னா ஹில் ரோடு அடைச்சுக்கும், அன்னிக்கு காரத் தொடாதீங்க. சிட்டிக்கு ஃபெர்ரி இருக்கு, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், அவசரமில்லாத நாள்ல அதுலயே போங்க.

வந்து சாமான இறக்கினதும் சொல்லுங்க, சாயங்காலம் அஞ்சரைக்கு அத்தை பாலத்துகிட்ட இருப்பாங்க.