விடுதிக்கு இன்டர்நெட் போன் சரிவருமா?

கேள்வி: உப்புவெளியில் ஆறு அறை விடுதி நடத்துகிறேன். சீசனில் ஒருவரோடு பேசும்போது அடுத்தவருக்கு லைன் கிடைப்பதில்லை. இன்டர்நெட் போன் எடுக்கலாமா?

பதில்: எடுங்கள் அக்கா. ஒரே நம்பருக்கு இரண்டு, மூன்று கோல் சேர்ந்து வரலாம். ஒன்று மேசையில் அடிக்கும், மற்றது சமையலறையில் உங்கள் கைபேசியில். கோல் ஒன்றுக்கு நொடிக்கு 100 கிலோபிட் இணைய வேகம் போதும். ஆனால் விருந்தினர் எல்லோரும் வீடியோ பார்த்தால் குரல் வெட்டி வெட்டிக் கேட்கும். ரவுட்டரில் போனுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

கரண்ட் போனால் போனும் ஊமைதான். பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, இதற்கு வராது. என் கடையில் ஒரு மழைநாள் கரண்ட் போய், பிற்பகல் முழுக்க போனில் ஒரு ஓடரும் இல்லை. வியாபாரம் மந்தம் என்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்! மறுநாளே ரவுட்டருக்கு யுபிஎஸ் (கரண்ட் போனாலும் மின்சாரம் கொடுக்கும் பேட்டரிப் பெட்டி) வாங்கினேன். பழைய லைனை மட்டும் இந்த சீசன் முடியும்வரை வெட்டாதீர்கள்.