பராசர் ஏரிக்கு நடந்தே போங்கள்

அன்புள்ள ஐயா,

அரூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மே விடுமுறையில் மகனோடு இமாசலப் பிரதேசம் போகிறோம். மண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பராசர் ஏரிக்குக் காட்டு வழியாக ஒரே நாளில் ஏறிவிடலாம் என்று கேள்விப்பட்டேன். வீட்டிலோ, "வெயில் ஊர்க்காரிக்கு அந்தக் காற்று ஒத்துக்காது, ரோடுதான் இருக்கே, கார்ல போ" என்கிறார்கள். ஐம்பது வயதில் என்னால் முடியுமா?

ஒரு வாசகி, அரூர்

அன்புள்ள டீச்சருக்கு,

முடியும். நடந்தே போங்கள். ஏரிக்குப் பக்கத்திலேயே வண்டி போகிறது என்பது உண்மைதான். ஆனால் காரில் போய் இறங்கினால் ஏரி மட்டும்தான் கிடைக்கும், காடு கிடைக்காது.

பாகி கிராமத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் ஏற்றம். பாதை ஓடையைத் தாண்டி தேவதாருவும் ஓக்கும் நிறைந்த காட்டுக்குள் புகுந்துவிடும். நம் பக்கத்துக் காடு கோடையில் இலை கொட்டி நிற்கும். அங்கே நல்ல நிழல். ஓக் மரங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சிலவற்றில் பக்கக் கிளையே இருக்காது. அடிமரம் முழுக்க முண்டும் முடிச்சும், உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை. மாட்டுக்குத் தழை வேண்டி ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காக வெட்டிய தடம் அது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற ஊரிலிருந்து போகும் உங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேலே போகப் போக மரம் குறைந்து புல்வெளி வந்துவிடும். பொறுமை போவது அங்கேதான், ஏனென்றால் ஏரி கண்ணிலேயே படாது. கிண்ணம் போன்ற குழிவில் இருப்பதால் கடைசி மேட்டில் ஏறிய பிறகுதான் மொத்தமாகத் தெரியும்: தண்ணீரில் மிதக்கும் புல்திட்டு, கரையில் மூன்றடுக்குக் கூரையுள்ள மரக்கோயில். பராசர முனிவரின் ஏரி என்பதால் அதில் யாரும் கால் நனைப்பதில்லை. மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, மூச்சு விஷயம். ஏரி இருப்பது சுமார் 2,730 மீட்டர் உயரத்தில். கடலோரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் அங்கே கிடைக்கும். வெயில் ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சமவெளியிலிருந்து யார் போனாலும் இளைக்கும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் ஏறுங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு இறங்கிவிட வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறவே கூடாது.

பழகிக்கொள்ள உங்களுக்குத் தீர்த்தமலை பக்கத்திலேயே இருக்கிறது. வாரம் இரண்டு முறை, வெயில் ஏறுவதற்குள், தண்ணீர் பாட்டில்கள் போட்ட பையோடு ஏறி இறங்குங்கள். முழங்காலுக்குச் சோதனை இறக்கத்தில்தான். அதனால் பராசரில் ஏறுவதற்கு மட்டும் நடந்துவிட்டு, திரும்புவதற்கு வண்டி பேசிக்கொள்ளலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். கோடையில் அந்த மலைகளில் மதியத்துக்கு மேல் இடிமழை வருவது சகஜம், புல்வெளியில் ஒதுங்க இடம் கிடையாது. பயணத்தை ஜூன் கடைசிக்குத் தள்ளிவிடவும் வேண்டாம். பருவமழை பிடித்துவிட்டால் மண்டிப் பக்கம் மண் சரிந்து சாலை அடைபடும்.