வாசகர் கேள்வி: கோச்சா, வக்கீலா?

கே: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் ஆரம்ப நாட்களில் கோச்சாக இருந்துவிட்டு வக்கீலானவர்கள் உண்டாமே, ஒருவரைப் பற்றிச் சொல்லுங்களேன்?

ப: வில்லியம் ஹென்றி லூயிஸ். (நம் கால்பந்தை நினைக்காதீர்கள், இது பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதும் ஆட்டம்.) 1868-ல் வர்ஜீனியாவில், அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்தவர். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி அணிக்குக் கேப்டன். அப்புறம் சட்டம் படிக்க ஹார்வர்டுக்கு வந்து அங்கேயும் ஆடினார், அந்தக் காலத்தில் அதற்குத் தடை இல்லை. 1892, 1893 இரண்டு வருடமும் ஆல்-அமெரிக்கா அணியில் (நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களைப் பொறுக்கிப் பட்டியலிடும் கௌரவ அணி) சென்டர், அதாவது முன்வரிசையின் நடுவில் நின்று ஆடுபவர். அந்தக் கௌரவம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் இவர்தான்.

இத்தனை புகழ் இருந்தும், பக்கத்து சலூனில் ஷேவ் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனுஷன் சும்மா இருக்கவில்லை, இந்த விவகாரத்தால் 1893-ல் மாசசூசெட்ஸின் பாகுபாட்டுத் தடைச் சட்டமே இன்னும் இறுக்கமானது. இன்னும் வக்கீல்கூட ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1895-ல் பட்டம் வாங்கினார், அதே வருடம் ஹார்வர்டில் உதவி கோச். கோச் வேலையை விட்டுவிட்டு வக்கீலானார் என்று சொல்வது சரியில்லை, 1906 வரை இரண்டையும் சேர்த்தே பார்த்தார். நடுவில் ஆட்டத்தைச் சொல்லித்தரும் புத்தகம் ஒன்றும் எழுதினார்.

கே: வக்கீலாக எவ்வளவு தூரம் போனார்?

ப: 1903-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பாஸ்டனில் அரசு உதவி வழக்கறிஞராக்கினார். 1911-ல் அதிபர் டாஃப்ட் ஆட்சியில் அமெரிக்காவின் உதவி அட்டர்னி ஜெனரல் (அட்டர்னி ஜெனரல் என்றால் அரசின் தலைமை வழக்கறிஞர்). அதுவரை எந்தக் கறுப்பினத்தவரும் அரசு நிர்வாகத்தில் அவ்வளவு உயரத்துக்குப் போனதில்லை. அதே வருடம் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தில் சேர்ந்தார். நிறம் தெரிந்ததும் சங்க நிர்வாகிகள் உறுப்பினர் பதவியை ரத்து செய்யப் பார்க்க, ராஜினாமா செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவருடைய மேலதிகாரி அட்டர்னி ஜெனரல் விக்கர்ஷாம், சங்கத்தின் 4,700 உறுப்பினர்களுக்கும் கண்டனக் கடிதம் அனுப்பினார். ஒரு மேலதிகாரி இப்படி நிற்பது எந்தக் காலத்திலும் அபூர்வம்தான். கடைசியில் லூயிஸையும், கூடச் சேர்ந்திருந்த இன்னும் இரண்டு கறுப்பின வக்கீல்களையும் இருக்கவிட்டார்கள். ஆனால் இனிமேல் சேருகிறவர்கள் எந்த இனம் என்று விண்ணப்பத்திலேயே எழுதவேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள்!